நெல்லையப்பன் எடுக்காத கால்

நெல்லையப்பன் செத்து ஆறு வருடம் ஏழு மாதம் ஆகியும் அவருடைய வலது கால் பிரேக்கை விட்டு எடுக்கப்படவில்லை. காலை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. பெடல் தரையோடு அழுந்திக் கிடந்தது, அவ்வளவுதான். மற்றதெல்லாம் முறைப்படி நடந்திருந்தது. 1961 ஜூலையில், மழை விடாமல் அடித்த ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, செம்பூரிலிருந்து மாட்டுங்காவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த அந்தப் பழைய கறுப்புக் கார், சுனாபட்டி இறக்கத்தில் நின்றிருந்த கல் லாரியின் பின்புறத்தில் போய் மோதியது. ஓட்டிய நெல்லையப்பன் அங்கேயே இறந்தார். பின் சீட்டில் இருந்த முதலாளி சங்கரனுக்கு இடது தோள் எலும்பு முறிந்தது. மறுநாள் சயான் சுடுகாட்டுக்குப் பாடை போனபோது, வலது பக்கம் கால்மாட்டில் தோள் கொடுத்தவர் தன் பக்கம் கனமே இல்லை என்று இரண்டு முறை சொன்னார். உடலில் குறையொன்றும் இல்லை. இரண்டு கால்களும் இருந்தன. விறகு நனைந்துபோய் எரியுமோ எரியாதோ என்ற கவலையில் அவர் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை.

சங்கரன் செம்பூரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் பெரிய அதிகாரி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே போலீசுக்கு எழுதிக் கொடுத்தார்: டிரைவர் தூங்கிவிட்டான், அவனுடைய செருப்பு பெடலுக்கு அடியில் மாட்டிக்கொண்டது, கடைசி வரை பிரேக்கை மிதிக்கவில்லை. மூன்றாம் நாள், மாட்டுங்கா வீட்டுக்குப் பின்னால் டிரைவருக்கென்று இருந்த அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். நெல்லையப்பனின் மனைவி பேராச்சி பன்னிரண்டு வயது மகளைக் கூட்டிக்கொண்டு தாராவிக்கு வந்து, வரிசையாக ஒற்றை அறைகள் கொண்ட ஒரு சாலில் இடம் பிடித்தாள். செருப்புக் கதையை அவள் முதல் நாளே மறுத்தாள். தெற்கேயிருந்து வந்த டிரைவர்கள் பலருக்கு அப்போது ஒரு வழக்கம் இருந்தது. காலையில் வண்டியைத் தொட்டுக் கும்பிட்டு, செருப்பைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றி சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு, வெறுங்காலோடுதான் பெடலில் கால் வைப்பார்கள். சோறு போடுகிற இரும்பைச் செருப்பால் மிதிக்க அவர்களுக்கு மனம் வராது. நெல்லையப்பன் பதினான்கு வருடம் அப்படித்தான் ஓட்டினார். பேராச்சி இதைப் போலீஸ் ஸ்டேஷனில் போய்ச் சொன்னாள். அங்கே பெரும்பாலோருக்குத் தமிழ் தெரியவில்லை. தெரிந்த ஒருவர் இதெல்லாம் எழுத வேண்டிய விஷயம் இல்லை என்றார்.

அதிலிருந்து சாலில் அவளுக்கு ‘தூங்கி பொண்டாட்டி’ என்று பெயர் நிலைத்தது. குழாயடியில், ரேஷன் வரிசையில், கோயில் கொடை நடந்த அன்றுகூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். மகளுக்குப் பதினேழு வயதானபோது டிராம்பே பஸ் ஓட்டிய வெயிலுமுத்துவின் மகனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். பரிசம் போட நான்கு நாள் இருக்கையில் வெயிலுமுத்து, டிரைவர் குடும்பத்துக்குத் தூங்கினவன் வீட்டுப் பெண் ஆகாது என்று ஆள் விட்டுச் சொல்லி நிறுத்திவிட்டார். ஆறு வருடமும் பேராச்சி வேண்டியது ஒன்றே ஒன்று. எழுதிக் கொடுத்த அந்த மனிதர் தன் வாயால், நாலு பேர் முன்னால், நெல்லையப்பன் பிரேக்கை மிதித்தார் என்று சொல்ல வேண்டும். முதல் வருடம் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் மாட்டுங்காவில் அவர் வீட்டுக் கம்பி கேட்டுக்கு எதிரே போய் நின்றாள். சங்கரன் கேட்டுக்குத் தகரம் அடித்துவிட்டார்.

1968 மார்ச்சில் பழைய கார்களின் அணிவகுப்பு ஒன்று நடக்கப்போவதாகப் பத்திரிகையில் வந்தது. சங்கரனின் கார் 1931ஆம் வருடத்தது. அவருடைய அப்பா வாங்கியது. அதை ஓடவைத்துக் காட்ட வேண்டும் என்று சங்கரனுக்கு ஆசை வந்தது. முகப்பை நிமிர்த்தினார்கள், என்ஜினைக் கழற்றி மாட்டினார்கள், பின் சீட்டுக்குப் புதுத் தோல் தைத்தார்கள். பிரேக் பெடல் மட்டும் மேலே வரவில்லை. மாட்டுங்காவில் மூன்று ஒர்க்‌ஷாப்புகள் கையை விரித்த பிறகு, பிப்ரவரி நடுவில், வண்டியைத் தாராவி மெயின் ரோட்டில் இருந்த உதுமானிடம் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மேலப்பாளையத்துக்காரரான உதுமானுக்கு இறுகிப்போனதைக் கழற்றுவதில் பெயர் இருந்தது. வண்டியைத் தள்ளியவர்கள் ஒன்றைக் கவனித்துச் சொன்னார்கள்: பிரேக் முழுக்க மிதித்தபடி இருக்கிறது, ஆனால் சக்கரங்கள் லேசாக உருளுகின்றன. உதுமான் அடியில் படுத்துப் பார்த்தார். பெடலிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் ராடு அறுந்து தொங்கியது. அதைப் பூட்ட வேண்டிய ஆணிக்குப் பதிலாக யாரோ கட்டுக்கம்பியால் சுற்றியிருந்தார்கள். கம்பி நடுவில் அறுபட்டிருந்தது. டிரைவர் சீட்டைத் தூக்கினால், பழுத்துப்போன தமிழ்ப் பத்திரிகையில் சுற்றிய ஒரு ஜோடி செருப்பு இருந்தது. பத்திரிகையில் 1961 ஜூலைத் தேதி. உதுமான் அந்தக் கம்பியையும் செருப்பையும் பழைய கிரீஸ் டின்கள் இருந்த அலமாரியில் போட்டுப் பூட்டினார். வண்டிக்காரர் பெரிய மனிதர், ஊரில் தெற்கத்திக்காரர்களுக்குக் காற்று சரியில்லை, வீணாக வம்பு லஃப்டா எதற்கு என்று நினைத்தார்.

பேராச்சி அப்போது மில்களிலிருந்து வரும் கழிவு நூலைப் பிரித்து, கிரீஸ் துடைக்க ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கொடுத்துப் பிழைத்தாள். அதை எல்லோரும் வேஸ்டு என்பார்கள். மறுநாள் மூட்டையோடு வந்தவள் வண்டியைப் பார்த்து வாசலிலேயே நின்றாள். “இந்த வண்டியத் தொடைக்க என் வேஸ்டு கிடையாது” என்றாள். “வேஸ்டுக்கு வண்டி தெரியுமாக்கும்? வச்சிட்டுப் போங்கக்கா” என்றார் உதுமான். “அதுல இருக்கது எங்க வீட்டுக்காரவுக காலு. சுத்தியலப் போட்டீருன்னா ஒம்ம கை வெளங்காது.” “துருப்பிடிச்ச பெடலு அது. துருவுக்கு ஏது காலு?” “துருன்னா தொட்டுப் பாரும்.” உதுமான் தொட்டுப் பார்த்தார். பெடல் உடம்புச் சூட்டில் இருந்தது. தகரக் கூரை, உச்சி வெயில் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பேராச்சி மூட்டையை வாசலில் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து தினமும் வந்து அங்கேயே உட்கார்ந்து, நூலைப் பிரித்தபடி, அவர் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெடலையும் அது சுழலும் தண்டையும் சேர்த்துப் பிடிப்பது டேப்பர் பின் என்ற ஒரு சிறிய ஆணி. அதற்கு ஒரு முனை கனம், மறு முனை ஒல்லி. ஒல்லி முனையில் அடித்தால் கழன்று வரும்; கனத்த முனையில் அடித்தால் இன்னும் இறுகும். இரண்டு முனையையும் மட்டமாக அராவி, மேலே துருவும் ஏறிவிட்டால் எது எதுவென்று கண்டுபிடிக்க முடியாது. வெள்ளைக்காரன் கனத்த முனையை மேலே வைப்பான், தளர்ந்தாலும் கீழே விழாது என்று உதுமான் கற்றிருந்தார். ஆகவே வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, கீழிருந்து மேலாக அடித்தார். இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறவைத்து அடித்தார். ப்ளோலேம்ப் வைத்துச் சிவக்கக் காய்ச்சி, மெழுகுவத்தியை உருக்கி இடுக்கில் விட்டு அடித்தார். அசையவில்லை. பக்கத்தை மாற்றி அடிக்கலாமே என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். தொழிலில் அப்படிச் செய்வதில்லை. ஒரு முனையில் தொடங்கிவிட்டு மறு முனைக்குப் போனால் இரண்டு பக்கமும் மலர்ந்து ஆணி ஆயுளுக்கும் வராது என்று எல்லோரும் நம்பினார்கள். தொடங்கிய பக்கத்தை விட்டுக்கொடுப்பது தோற்றுப்போவதற்குச் சமம்.

உதுமான் ஒவ்வொரு முறை அடித்தபோதும் சயானுக்கும் டிராம்பேக்கும் இடையில் ஓடிய எல்லா வண்டிகளும் ஒரு கணம் நின்றன. ஓட்டுகிறவர்களின் வலது கால் தானாகப் போய் பிரேக்கில் விழுந்தது. தையல்காரர்களின் மெஷின்களும் நின்றன. ரயில்கள் நிற்கவில்லை; மோட்டார்மேன் கையால் பிரேக் பிடிப்பவர். முதல் வாரத்தில் ஒன்பது வண்டிகள் பின்னாலிருந்து முட்டிக்கொண்டன. யாரோ காரணத்தைக் கண்டுபிடித்து, கல்லெடுத்து உதுமானின் தகரக் கூரையில் எறிந்தார்கள். அந்த வருடம் தெற்கத்திக்காரர்களின் கடைப் பலகைகள் ஆங்காங்கே உடைபட்டுக்கொண்டிருந்ததால் எந்தக் கல் எதற்கு வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. போலீஸ்காரர் வந்து விசாரித்து, மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை மட்டும் அடிக்கலாம் என்று நேரம் குறித்துக் கொடுத்தார். பஸ்கள் அந்த நேரத்தில் மெதுவாகப் போயின.

வெயிலுமுத்து காக்கிச் சட்டையோடு சண்டைக்கு வந்தார். “ஏ பாய், ஒம்ம சுத்தியலுக்கும் என் காலுக்கும் என்னவே சம்பந்தம்? நடுரோட்டுல நாலு தடவ நின்னாச்சு. ஏறினவன் எறங்கினவன் எல்லாம் என் அம்மாவ இழுக்கான்.” “காலு ஒம்மது. என்னையக் கேட்டா?” “காலு என்னுதுதான். மிதிக்கது நான் இல்ல.” மூட்டை மேல் இருந்த பேராச்சி நூலிலிருந்து கண்ணை எடுக்காமல், “தூங்கியிருப்பீரு அண்ணாச்சி. செருப்பு மாட்டிக்கிட்டோ என்னவோ” என்றாள். வெயிலுமுத்து அவளைப் பார்த்தார். பிறகு தன் வலது காலைப் பார்த்தார். பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

இருபத்தோராம் நாள் உதுமான் பெரிய சுத்தியலை எடுத்து ஓங்கி அடித்தபோது பேராச்சி சிரித்தாள். ஆறு வருடத்தில் அவள் சிரித்து யாரும் கேட்டதில்லை. உதுமான் வண்டிக்கு அடியிலிருந்து எண்ணெய் முகத்தோடு வெளியே வந்தார். “என்ன சிரிப்பு?” “நீரு அடிக்க அடிக்க அது உள்ள போவுது. மொத நாள்லேருந்து கெட்டியாக்கிக்கிட்டு இருக்கீரு.” “எப்படிச் சொல்லுதீங்க?” “செத்ததுக்கு முந்தின நா ராத்திரி சோத்துல கைய வச்சிக்கிட்டு அவிய சொன்னாவ. சார் எவனோ ரோட்டோரத்து ஆளக் கூட்டியாந்து வேல பாத்திருக்காரு, அவன் ஆணியத் தலைகீழா அடிச்சிருக்கான், ராடக் கம்பியால கட்டியிருக்கான், சார்ட்ட சொன்னா மழை முடியட்டுங்காருன்னு சொன்னாவ.” உதுமான் சுத்தியலைக் கீழே வைத்தார். “இருவது நாளாத் தெரிஞ்சிக்கிட்டா பாத்துக்கிட்டு இருந்தீங்க?” “ஒமக்கும்தான் எல்லாம் தெரியும். சீட்டத் தூக்கிப் பாக்காமலா இருந்திருப்பீரு? ரெண்டு பேரும் வாயப் பொத்திக்கிட்டுதான இருக்கோம்.” மேலிருந்து அடிக்க உதுமான் தரைப் பலகையைக் கழற்றினார். பேராச்சி எழுந்து வந்து பெடலுக்குப் பக்கத்தில் கையை வைத்தாள். “இப்ப அடிச்சா என் கைய அடிக்கணும். அந்த ஆளு வரட்டும். வந்து நாலு பேரு முன்னால சொல்லட்டும். பொறவு அடியும்.”

சங்கரன் மறுநாள் மதியம் வந்தார். வெள்ளைப் பேண்ட், பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூ. கூட்டம் கூடிவிட்டது, இரண்டு மணிக்கு அந்தக் கடையில் கூட்டம் கூடுவது வழக்கமாகியிருந்தது. வெயிலுமுத்துவும் இருந்தார். “ஏன்யா, ஒரு பெடலை எடுக்க மூணு வாரமா? இன்னும் ஒம்போது நாள்தான் இருக்கு, தெரியுமோன்னோ?” என்றார் சங்கரன். “இந்த அக்கா கைய எடுக்க மாட்டேங்காங்க சார்.” சங்கரன் அப்போதுதான் பேராச்சியைப் பார்த்தவர்போலப் பார்த்தார். “கேட் வாசல்ல நின்னது போதாதுன்னு இங்கேயும் வந்துட்டியா?” “ஒரு வார்த்த சொல்லுங்க. அவிய பிரேக்க மிதிச்சாவன்னு சொல்லுங்க. போயிருதேன்.” “மாட்டேன். எழுதிக் குடுத்தது எழுதிக் குடுத்ததுதான். தூங்கி விழுந்தவனுக்கு நான் சாட்சி சொல்லணுமா?” பேராச்சி பெடலுக்குக் கீழே ஆணியின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. “நகருங்கோ எல்லாரும். நானே பாத்துக்கறேன்” என்று சங்கரன் கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அந்த வண்டியின் முன் சீட்டில் அவர் உட்கார்ந்தது அதுவே முதல் முறை. ஷூக் காலைத் தூக்கிப் பெடலின் மேல் ஓங்கி மிதித்தார், பக்கவாட்டில் நெம்பினார், குதிகாலால் மூன்று முறை இடித்தார்.

மூன்றாவது இடியில் அவர் முகம் மாறியது. ஷூவுக்கு அடியில் பெடல் இல்லை. பெடலுக்கும் ஷூவுக்கும் நடுவில் வேறு ஒன்று இருந்தது. சங்கரன் குனிந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. “யார்றா கால வச்சிருக்கறது?” என்று கேட்டார். “எடுக்கச் சொல்லு. விரலெல்லாம் தட்டுப்படறது. வெறுங்கால்னா இது.” சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. அங்கே நின்ற அறுபது பேர் காதிலும் விழுந்தது. பேராச்சி கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தாள். ரேஷன் கடையில் அளவு சரிபார்ப்பவள்போல, நிதானமாகக் கேட்டாள். “செருப்பு இருக்கா சார்?” சங்கரன் காலை இழுக்கப் பார்த்தார், வரவில்லை. “இல்லை.” “மிதிச்சிருக்கா?” அவர் கூட்டத்தைப் பார்த்தார். கண்களில் அத்தனை வெறுப்பு. “மிதிச்சிண்டுதான் இருக்கு.” “பின்னால நிக்கவங்களுக்குக் கேக்கல.” “மிதிச்சிண்டுதான் இருக்கான்” என்றார் சங்கரன். அவருடைய கால் அப்போது விடுபட்டது. உதுமான் அலமாரியைத் திறந்து, பத்திரிகைப் பொட்டலத்தையும் அறுந்த கட்டுக்கம்பியையும் எடுத்துவந்து வண்டியின் முகப்பில் வைத்தார். “மொத நாளே எடுத்தேன்” என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். அதற்காக அவரை யாரும் பாராட்டவில்லை. பேராச்சி செருப்பை மட்டும் எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “மேலேருந்து அடியும்” என்றாள்.

மூன்று அடி போதுமானதாக இருந்தது. மூன்றாவது அடிக்கு எந்த வண்டியும் நிற்கவில்லை. ஆணி கீழே கிரீஸ் தட்டில் விழுந்தது. பெடல் மெதுவாக, ஒரு மனிதர் காலைத் தூக்குகிற வேகத்தில், மேலே வந்தது. பிறகு ஒர்க்‌ஷாப்பின் எண்ணெய்த் தரையில் ஈரமான ஒரு வலது பாதம் பதிந்தது. ஒரு நடை தள்ளி இன்னொரு வலது பாதம். நடுவில் இடது பாதம் விழ வேண்டிய இடம் காலியாக இருந்தது. அதை ஆறு வருடத்துக்கு முன்பே சயானில் எரித்தாகிவிட்டது. வெளியே மார்ச் மாத வெயிலில் ரோடு கொதித்தது. சுவடுகளில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. அவை வாசலைத் தாண்டி, மெயின் ரோட்டைக் கடந்து, சாலுக்குப் போகும் சந்தில் திரும்பின. டிராம்பே பஸ் ஒன்று அவை கடக்கும்வரை காத்திருந்தது. பேராச்சி அவற்றுக்கு இடது பக்கமாக, காலியான இடங்களில் கால் வைத்து நடந்து போனாள்.

உதுமான் புது ஆணியைக் கனத்த முனை மேலே இருக்கும்படி அடித்து, ராடை முறையாகப் பூட்டிக் கொடுத்தார். கார் அணிவகுப்பில் ஓடி ஒரு சான்றிதழ் வாங்கியது. சங்கரன் பின் சீட்டில் உட்கார்ந்து போனார். தான் அப்படி ஒன்றும் சொல்லவில்லை என்று மாட்டுங்காவில் கடைசி வரை சாதித்தார். ஆனால் அவருடைய வலது ஷூ அதற்குப் பிறகு காயவே இல்லை. புதிதாக வாங்கியவையும் காயவில்லை. அறைக்குள்ளும் ‘சதக் சதக்’ என்று நடப்பார். பேராச்சி உதுமானுக்கு அதன் பிறகு ஒரு நாளும் வேஸ்டு கொடுக்கவில்லை. அவர் இரண்டு முறை ஆள் அனுப்பிக் கேட்டார். பிறகு சுனாபட்டியில் வேறு ஆள் பார்த்துக்கொண்டார். ‘தூங்கி’ என்ற பெயர் ஒரே வாரத்தில் சாலிலிருந்து மறைந்தது; முன்பு கூப்பிட்டவர்கள் தாங்கள் கூப்பிட்டதேயில்லை என்றார்கள். அந்த வைகாசியில் வெயிலுமுத்து வெற்றிலைத் தட்டோடு வந்து விட்ட பேச்சைத் தொடரலாம் என்றார். பேராச்சி கதவைப் பாதி திறந்து, “உள்ள அவிய தூங்குதாவ. எழுப்ப மாட்டேன்” என்று சொல்லிச் சாத்தினாள். மகள் விக்ரோலியில் ஒரு பேட்டரிக் கடைக்காரரைக் கட்டிக்கொண்டாள்.

சுவடு தினமும் மாலை ஆறரைக்கு, மாட்டுங்காவிலிருந்து வேலை முடிந்து வருகிறவரின் நேரத்துக்கு, வாசலில் வந்து நின்றது. பேராச்சி தண்ணீர் ஊற்றுவாள். கால் கழுவி உள்ளே போகும். செருப்பு கதவுக்கு வலது ஓரம் இருந்தது. இடது செருப்பைக் கரையான் தின்றது, வலது செருப்பு தேய்ந்தது. சாலில் புதிதாகக் குடிவந்தவர்கள் முதலில் கொஞ்சம் தயங்கினார்கள். பிறகு அந்த நேரத்தில் பிள்ளைகளை வழியில் உட்காரவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். பேராச்சி போய்ச் சேர்ந்த பிறகு விக்ரோலியிலிருந்து மகள் வந்து தங்கி ஊற்றுகிறாள். குழாயில் காலையில் அரை மணி நேரம்தான் தண்ணீர் என்று ஆனபோது மற்ற வீடுகளில் குடத்துக்குக் குடம் சண்டை நடந்தது. இந்த வீட்டில் அந்தத் தொல்லை இல்லை. ஒரு காலுக்கு அரைச் செம்பு போதும்.